பிளந்த மூக்கு சைக்கிள் சீட்: எதை எடுப்பது, எப்படி மாட்டுவது

முதல் முறை பிளந்த மூக்கு சீட், அதாவது முன்னால் நீளும் ஒடுக்கமான பகுதி நடுவில் இரண்டாகப் பிரிந்த சீட், வாங்கியபோது, பழைய சீட்டின் நுனி எங்கே இருந்ததோ அதே இடத்தில் புதியதன் நுனியையும் அளவு பிசகாமல் வைத்து மாட்டினேன். ஒரு மணி நேரம் மிதித்து இறங்கியபோது முழங்காலின் முன்பக்கம் வலித்தது, உள்ளங்கைகள் இரண்டும் எரிந்தன. சீட்தான் மோசம் என்று முடிவுகட்டி இரண்டு வாரம் மூலையில் போட்டுவிட்டேன். உண்மையில் சீட்டில் ஒரு குறையும் இல்லை. சாதாரண சீட்டில் மூக்கு என்பது நாம் உட்காராத பகுதி. பிளந்த மூக்கு சீட்டில் உட்காருவதே அந்த மூக்கின் மேல்தான். நுனிக்கு நுனி பொருத்தியதால் என் இடுப்பு நாலைந்து சென்டிமீட்டர் முன்னால் போய்விட்டது.

இந்த ஒரு விஷயம் மனதில் இருந்தால் கீழே வரும் எல்லா அளவுகளும் தானாகவே புரியும்.

மூக்கை ஏன் பிளக்கிறார்கள்

நாற்காலியில் உள்ளங்கையை அடியில் வைத்து உட்கார்ந்தால் இரண்டு முண்டுகள் தட்டுப்படும். அவைதான் உட்காரும் எலும்புகள். நிமிர்ந்து சைக்கிள் ஓட்டும்போது எடை அவற்றின் மேல் இறங்கும். ஹேண்டில்பாரை நோக்கிக் குனியக் குனிய இடுப்பு முன்னால் உருளும். அப்போது எடை அந்த முண்டுகளை விட்டு, அவற்றிலிருந்து முன்னோக்கிப் போகும் இரண்டு எலும்புக் கிளைகளுக்கு மாறும். உண்டிவில்லின் கவட்டையைக் கவிழ்த்துப் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி: பின்னால் அகன்று, முன்னால் நெருங்கிச் சேரும். இந்தக் கிளைகளை ஒட்டித்தான் பிறப்புறுப்புக்குப் போகும் நரம்பும் ரத்தக்குழாயும் ஓடுகின்றன. சாதாரண மூக்கு சரியாக அந்தக் கவட்டையின் நடுவில் போய் அமுக்கும். மரத்துப்போவது அதனால்தான். மூக்கை நடுவில் பிளந்து இரண்டு கைகளாக்கினால், ஒவ்வொரு கையும் ஒரு கிளையைத் தாங்கும், நடுவில் இருக்கும் மென்மையான பகுதி தொங்கலில் இருக்கும்.

மெத்தையைக் கூட்டினால் போதாதா என்று பலரும் கேட்பார்கள். போதாது, சில சமயம் அதுவே கெடுதல். ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்குறியில் ஆக்சிஜன் அளவு எவ்வளவு குறைகிறது என்று நான்கு வகை சீட்டுகளில் அளந்தார்கள். ஒடுக்கமான, தடித்த மெத்தை வைத்த சீட்டில் 82 சதவீதம் குறைந்தது. மூக்கில் பள்ளம் வெட்டிய ஒடுக்கமான சீட்டில் 72 சதவீதம். மெத்தையே இல்லாத அகலமான தோல் சீட்டில் 64 சதவீதம். மூக்கே இல்லாத அகலமான சீட்டில் வெறும் 20 சதவீதம். தடித்த மெத்தையில் எலும்பு அமுங்கி இறங்க, நடுவில் இருக்கும் நுரை மேலே எழும்பி வந்து, எங்கே அமுக்கக் கூடாதோ அங்கேயே அமுக்குகிறது.

அமெரிக்காவின் நியோஷ் என்ற தொழில்சார் பாதுகாப்பு நிறுவனம் சைக்கிளில் ரோந்து போகும் 90 போலீஸ்காரர்களுக்கு மூக்கில்லாத சீட் கொடுத்து ஆறு மாதம் கவனித்தது. அந்த முடிவு 2008இல் வந்தது. மரத்துப்போவதே இல்லை என்று சொன்னவர்கள் தொடக்கத்தில் 27 சதவீதம், ஆறு மாதம் கழித்து 82 சதவீதம். இரண்டு ஆய்வுகளும் ஆண்களைப் பற்றியவை. ஆனால் குனிந்து ஓட்டும்போது முன்பக்கம் நசுங்குவதும் வீங்குவதும் பெண்களுக்கும் உண்டு. கீழே சொல்லும் மாட்டும் முறையும் இருவருக்கும் ஒன்றுதான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நிமிர்ந்து உட்கார்ந்து அரை மணி நேரம் மெதுவாக ஓட்டுபவருக்கு இந்த சீட்டே தேவையில்லை. அவருடைய எடை பின்னால் இருக்கிறது. அவருக்குப் பின்பகுதி அகலமான சாதாரண சீட் போதும். இது குனிபவர்களின் சீட்.

எந்த வகை யாருக்கு

பெயரில் எல்லாமே பிளந்த மூக்குதான் என்றாலும் உட்கார்ந்து பார்த்தால் குணம் வேறு வேறு.

முதல் வகை, நுனியிலிருந்து பாதி வரைக்கும் முழுசாகப் பிளந்த இரட்டைக் கை சீட். ஐஎஸ்எம் நிறுவனத்தின் சீட்டுகள் இதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம். பழைய ஆட்கள் இன்னமும் அடாமோ என்றே சொல்வார்கள். மூக்கு என்று கூர்மையாக எதுவும் இருக்காது, மழுங்கலாக இரண்டு விரல் நீட்டியதுபோல் முடியும். அழுத்தம் குறைவதில் எனக்குத் தெரிந்து இதை மிஞ்ச ஆள் இல்லை. விலையாகக் கொடுப்பது தொடை உரசல். முன்பகுதி சாதாரண மூக்கைவிட அகலம், அதனால் தொடை பருத்தவர்களுக்கு முதல் சில நாள் சோதனைதான். இந்த நிறுவனம் ஒடுக்கமான மாதிரிகளும் செய்கிறது. ஏரோ பாரில், அதாவது முழங்கையை ஊன்றிக் குனிய ஹேண்டில்பாரில் முன்னால் நீட்டிய கம்பிகளில், படுத்து ஓட்டுபவர்கள் அவற்றில் தொடங்குவது நல்லது.

இரண்டாவது வகையில் மூக்கு கொஞ்சம் ஒல்லி, பிளவும் இருக்கும், பின்பகுதி வழக்கமான சீட் போலவே இருக்கும். ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் சிடேரோ, ஃபிசிக் நிறுவனத்தின் ட்ரைடோன், காப் நிறுவனத்தின் ஜேஓஎஃப் 55 எல்லாம் இந்தப் பக்கம் வரும். கடைசியில் சொன்னதன் பெயரில் இருக்கும் 55, மூக்கின் அகலம் மில்லிமீட்டரில். முன்னாலும் உட்கார்ந்து, மேடு ஏறும்போது பின்னாலும் நகர்ந்து உட்காருபவர்களுக்கு இந்த வகை ஒத்துவரும். ஒரே இடத்தில் ஆணி அடித்தமாதிரி உட்காருபவர்களுக்கு முதல் வகை.

மூன்றாவது, பைசாடில் போல இரண்டு பாதியும் தனித்தனியாக இருந்து, அடியில் போல்ட்டைத் தளர்த்தி இடைவெளியையும் கோணத்தையும் மாற்றிக்கொள்ளும் சீட். தன் அளவு தெரியாதவருக்கு வரப்பிரசாதம். கனம் கூடுதல், போல்ட்டுகளும் கூடுதல். எனக்கு இதில் ஒரு பயம் உண்டு: மாற்ற முடியும் என்றால் மாற்றிக்கொண்டே இருப்போம், எந்த அளவிலும் உடம்பு பழகாது.

செல்லே எஸ்எம்பியின் கழுகு மூக்கு சீட்டையும், நடுவில் அகலப் பள்ளம் விட்ட குட்டை மூக்கு சீட்டுகளையும் சிலர் இந்தக் கூட்டத்தில் சேர்ப்பார்கள். அவற்றில் மூக்கின் நுனி இரண்டாகப் பிரியாது. சொந்தக்காரர்கள் என்று வைத்துக்கொள்ளலாம், மாட்டும் கணக்கு வேறு.

வாங்கும்போது விளம்பரத்தை விட்டுவிட்டு நாலு அளவு மட்டும் கேளுங்கள். கைகளின் வெளிப்புற அகலம்: தொடை உரசுமா என்பதை இதுதான் முடிவு செய்யும். நடு இடைவெளி: மிகக் குறுகலாக இருந்தால் பிளந்ததில் பயனில்லை. அடிக்கம்பியிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை உள்ள உயரம். நுனியிலிருந்து அடிக்கம்பியின் நேர்ப்பகுதி நடு வரை உள்ள தூரம். கடைசி இரண்டையும் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள், டேப்பை வைத்து நாமே அளக்க வேண்டியதுதான்.

கம்பியும் கிளாம்ப்பும் சேருமா

சீட்டின் அடியில் ஓடும் இரண்டு கம்பிகளைக் கடையில் ரெயில் என்பார்கள். எஃகு, குரோமோலி, டைட்டானியம் எதுவானாலும் பெரும்பாலும் 7 மி.மீ. உருண்டைக் கம்பிதான். சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட், நவீன வகை என்றால், ஏறக்குறைய எல்லாமே இதைப் பிடிக்கும். கார்பன் கம்பி வந்தால்தான் சிக்கல். அது பெரும்பாலும் 7 மி.மீ. அகலம், 9 மி.மீ. உயரம் கொண்ட முட்டை வடிவம்.

சீட் போஸ்ட்டின் உச்சியில் கம்பியைக் கவ்வும் பிடிதான் கிளாம்ப். உங்கள் கிளாம்ப் எந்தப் பக்கம் பிடிக்கிறது என்று குனிந்து பாருங்கள். மேலிருந்தும் கீழிருந்தும் அமுக்கும் கிளாம்ப் என்றால் முட்டை வடிவக் கம்பியும் பெரும்பாலும் உட்காரும். பக்கவாட்டில் இரண்டு காது வைத்து இறுக்கும் வகை என்றால் உருண்டைக் காதில் முட்டைக் கம்பியை வைத்து இறுக்கவே கூடாது. கம்பி முழுதாகப் படியாமல் ஓரிரு இடத்தில் மட்டும் அழுத்தம் விழும், கார்பன் அங்கேதான் விரியும். அந்த சீட் போஸ்ட் நிறுவனம் 7க்கு 9 அளவில் தனிக் காது விற்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், அல்லது எஃகுக் கம்பி மாதிரியை எடுங்கள். நூறு கிராம் கூடினால் உலகம் ஒன்றும் கவிழ்ந்துவிடாது.

வெறும் குழாய் போன்ற பழைய சீட் போஸ்ட்டில் இரண்டு பக்கமும் நட்டு போட்டு இறுக்கும் தனி கிளாம்ப் இருக்கும். உருண்டைக் கம்பிக்கு அது வேலை செய்யும். ஆனால் அதிலிருக்கும் பற்களில் கோணம் படிப்படியாகத்தான் மாறும். ஒரு டிகிரி மாற்ற நினைத்தால் மூன்று டிகிரி தாவும். பிளந்த மூக்கு சீட்டுக்கு ஒரு டிகிரி என்பது பெரிய சமாச்சாரம். முன்னும் பின்னும் இரண்டு போல்ட் வைத்த சீட் போஸ்ட்தான் இதற்குச் சரியான ஜோடி.

கழற்றும் முன் அளவு

ஆர்வத்தில் பழைய சீட்டை உடனே கழற்றிவிடாதீர்கள். அது இப்போது இருக்கும் நிலையில்தான் நமக்கு வேண்டிய விடை இருக்கிறது.

சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் டிரெய்னர் ஸ்டாண்டில் ஏற்றி, இரண்டு சக்கரமும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி செய்யுங்கள். இடுப்பின் பக்கவாட்டில், காலைத் தூக்கி இறக்கும்போது அசையும் எலும்பு முண்டின் மேல் ஒரு வண்ண ஸ்டிக்கர் ஒட்டுங்கள். வழக்கமாக எப்படி ஓட்டுவீர்களோ அதே குனிவில் ஐந்து நிமிடம் மிதியுங்கள். கூட இருப்பவர் பக்கவாட்டிலிருந்து, பெடல் கீழே இருக்கும் நேரத்தில் நாலைந்து படம் எடுக்கட்டும். கேமரா நின்ற இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள், உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். புதிய சீட் மாட்டிய பிறகும் அந்த ஸ்டிக்கர், பெடல் சுழலும் மைய அச்சுக்கு மேலே அதே இடத்தில் வர வேண்டும். மூக்கை மறந்துவிட்டு இடுப்பைக் குறிவைக்கும் வழி இதுதான். மற்ற அளவெல்லாம் இந்தப் புள்ளிக்கு அருகில் கொண்டுபோய் விடும் ஏணிப்படிகள்.

அப்புறம் டேப்பில் எடுக்க வேண்டியவை: மைய அச்சின் நடுவிலிருந்து நீங்கள் உட்காரும் இடத்தின் மேற்பரப்பு வரை உயரம். மூக்கு நுனியிலிருந்து தூக்குக்குண்டு விட்டால் அது மைய அச்சுக்கு எவ்வளவு பின்னால் விழுகிறது. கடைசியாக சீட்டின் சாய்வு. போனில் ரசமட்ட வசதி இருந்தால் அதுவே போதும். சீட் வளைந்திருக்குமாதலால் போனை நேரே அதன் மேல் வைக்காமல் நடுவில் ஒரு தட்டையான பலகையையோ கனமான அட்டைப் புத்தகத்தையோ வைத்து அதன் மேல் வையுங்கள்.

சீட்டின் அகலம் 80 மி.மீ. ஆகும் இடத்தைக் குறித்துக்கொண்டு அங்கிருந்து அளக்கும் பழக்கம், உடம்புக்கு ஏற்ப சைக்கிளைப் பொருத்தித் தரும் ஃபிட்டிங் ஆட்களிடம் உண்டு. சாதாரண சீட்டுகளுக்குள் ஒப்பிட அது அருமையான முறை. இரட்டைக் கை சீட்டில் அந்த அகலம் வருமிடம் நீங்கள் உட்காரும் இடத்துக்கு வெகு பின்னால் போய்விடும். ஆகவே இங்கே அதை நம்ப வேண்டாம்.

மாட்டுவது

இப்போது சின்னக் கணக்கு. உதாரணத்துக்கு, பழைய சீட்டில் கம்பி முதல் மேற்பரப்பு வரை 48 மி.மீ., புதியதில் 55 மி.மீ. என்றால் சீட் போஸ்ட்டை 7 மி.மீ. இறக்க வேண்டும். அதோடு இன்னும் 3 முதல் 5 மி.மீ. இறக்கித் தொடங்குவேன். முன்பகுதி அகலமாக இருப்பதால் தொடை கொஞ்சம் விரிந்து இறங்குகிறது, கால் எட்டும் தூரம் அந்த அளவுக்குக் குறைகிறது. சரியில்லை என்றால் ஏற்றிக்கொள்ளலாம். உயரமாகத் தொடங்கினால் இடுப்பு ஆடி, உரசலும் சேர்ந்து, எது எதனால் என்றே தெரியாமல் போகும்.

அடுத்து முன்பின். இரட்டைக் கை வகையில் புதிய நுனி பழைய நுனியைவிட 40 முதல் 50 மி.மீ. பின்னால் இருப்பது நல்ல தொடக்கம். இரண்டாவது வகையில் 20 முதல் 30 மி.மீ. போதும். இதைக் கேட்டதும், அவ்வளவு பின்னால் தள்ளக் கம்பியில் இடம் இருக்காதே என்று தோன்றும். பாதி வேலையை சீட்டே செய்துவிடும். பழைய சீட்டில் நுனி முதல் கம்பி நடு வரை 150 மி.மீ., புதியதில் 115 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கிளாம்ப்பில் அதே இடத்தில் மாட்டினாலே நுனி 35 மி.மீ. பின்னால் போய்விட்டது. இன்னும் 10 மி.மீ. மட்டும் தள்ளினால் சரி. நுனி முதல் கம்பி வரை உள்ள தூரத்தை முதலிலேயே அளக்கச் சொன்னது இதற்காகத்தான்.

அப்படியும் இடம் போதவில்லை என்றால் கம்பியின் வளைவில் கிளாம்ப்பை ஏற்றி இறுக்காதீர்கள். கம்பியில் அளவுக்கோடு அச்சடித்திருக்கும், அதைத் தாண்டினால் கம்பி வளையும் அல்லது உடையும். நேராக மேலே போகும் சீட் போஸ்ட் இருந்தால், தலை 20 அல்லது 25 மி.மீ. பின்னோக்கி வளைந்த ஒன்றுக்கு மாறுங்கள். ஏரோ பார் வைத்த டைம் டிரையல் (தனியாக நேரத்தோடு போட்டியிடும் பந்தய) சைக்கிளில் எதிர்ப்பக்கச் சிக்கல் வரும். அங்கே முன்னால் தள்ளத்தான் இடம் தேடுவோம், கிளாம்ப் தலையைத் திருப்பி மாட்டும் வசதி பல போஸ்ட்டுகளில் உண்டு.

போல்ட்டின் மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். கம்பியிலும் கிளாம்ப் பள்ளத்திலும் கிரீஸ் படவே கூடாது, சீட் நழுவும். கார்பன் கம்பியானால் கார்பனுக்கென்று விற்கும் மணல்போன்ற பசையை லேசாகத் தடவலாம். இரண்டு போல்ட் போஸ்ட்டில் முதலில் பின் போல்ட்டை விரலால் திருகி, கம்பியைப் பள்ளத்தில் உட்காரவைத்து, முன் போல்ட்டால் சாய்வைக் கொண்டுவாருங்கள். பிறகு இரண்டையும் மாறி மாறி, கால் திருப்பு வீதம் ஏற்றுங்கள். எவ்வளவு இறுக்குவது என்பது சீட் போஸ்ட்டில் நியூட்டன் மீட்டரில் எழுதியிருக்கும். கார்பன் கம்பியிலும் ஒரு உச்ச அளவு எழுதியிருக்கும். இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் எண். இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் கார்பன் கம்பியைத் தொட வேண்டாம்.

சாய்வு: கைகளின் மேற்பரப்பு தரைக்கு இணையாக, பூஜ்யம் டிகிரியில் தொடங்குங்கள். ஏரோ பாரில் படுப்பவர் 2 அல்லது 3 டிகிரி வரை முன்பக்கம் தாழ்த்தலாம். அதற்கு மேல் தாழ்த்தத் தோன்றினால் சாய்வு குற்றவாளி இல்லை, உயரமோ முன்பின்னோ பிசகியிருக்கிறது. நுனி மேல்நோக்கி இருப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

இப்போது ஏறி உட்கார்ந்து, அதே கேமரா இடத்திலிருந்து படம் எடுத்து ஸ்டிக்கரைப் பாருங்கள். முன்னால் வந்திருந்தால் சீட்டைப் பின்னால், மேலே போயிருந்தால் கீழே. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், 3 மி.மீ.க்கு மேல் வேண்டாம்.

இங்கே ஒரு பழக்கப் பிசகும் வரும். உடம்பு பழைய ஞாபகத்தில் பின்னால் நகர்ந்து சீட்டின் அகலப் பகுதியில் போய் உட்காரும். அங்கே உட்கார்ந்தால் இரண்டு கையும் பிரிகிற இடம் கவட்டில் இடிக்கும், தொடையின் பின்பக்கமும் வெட்டும். நுனிக்கு வெளியே விழுந்துவிடுவோமோ என்று தோன்றும் அளவுக்கு முன்னால் உட்கார வேண்டும். அந்தரங்கப் பகுதி நுனிக்கு முன்னால் காற்றில் இருப்பதுதான் சரியான நிலை. முதல் வாரம் அரை மணி நேரம் போதும். எலும்புக் கிளைகளின் மேல் எடை ஏறிப் பழக்கமில்லாததால் அங்கே நோவு இருக்கும். மரத்துப்போவது வேறு, நோவு வேறு. நோவு ஓரிரு வாரத்தில் தணியும். மரத்துப்போவது தொடர்ந்தால் அளவு தப்பு. இறங்கி நெடுநேரம் கழித்தும் உணர்ச்சி திரும்பவில்லை என்றால் ரெஞ்ச்சை வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

தொந்தரவு வந்தால்

உள் தொடை உரசுகிறது என்றால் முதலில் உயரத்தை 3 மி.மீ. குறைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் இருந்தால் சீட் இன்னும் முன்னால் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி, உரசல் மட்டும் போகவில்லை என்றால் ஐஎஸ்எம் சீட் வைத்திருப்பவர்கள் காலங்காலமாகச் செய்யும் வேலை ஒன்று இருக்கிறது: முன்னால் இரண்டு கைகளின் அடியில், கம்பிகளைச் சேர்த்து ஒரு ஜிப் டை (இழுத்தால் இறுகும் பிளாஸ்டிக் பட்டை) கட்டி மெல்ல இறுக்குவது. கைகள் சில மில்லிமீட்டர் நெருங்கிவரும். பார்க்க அழகாக இருக்காது, வேலை செய்யும். எஃகுக் கம்பியில் மட்டும் செய்யுங்கள், நடு இடைவெளி மூடிப்போகும் அளவுக்கு இறுக்காதீர்கள்.

உள்ளங்கை வலித்தால் நுனி அதிகம் தாழ்ந்திருக்கிறது அல்லது சீட் முன்னால் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் நோவு என்றால் சீட் நேராக இருக்கிறதா என்று மேலிருந்து பாருங்கள். பிளவின் நடுக்கோடும் சைக்கிளின் மேல் குழாயும் ஒரே கோட்டில் வர வேண்டும். பிளவே ஒரு குறிபார்க்கும் கோடுபோல இருப்பதால், இதில் மட்டும் சாதாரண சீட்டைவிட இது சுலபம்.

பந்தயத்துக்குப் போகிறவர்கள் சர்வதேச சைக்கிள் பந்தய அமைப்பான யுசிஐயின் விதியைப் பார்க்க வேண்டும். சீட்டின் நீளம் குறைந்தது 240 மி.மீ., அதிகபட்சம் 300 மி.மீ. சாய்வுக்கும் 9 டிகிரி உச்சவரம்பு உண்டு. குட்டையான இரட்டைக் கை சீட்டுகள் இந்தக் கீழ் எல்லையை ஒட்டி வருவதால் வாங்கும் முன்பே அளந்துவிடுங்கள்.

சீட்டுக்குப் பின்னால் பை கட்டுபவர்கள், கம்பிகளின் இடைவெளி பழைய சீட்டைப் போலவே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். பட்டையை மாட்டி, ஏறி உட்கார்ந்து, தொடையில் தட்டுகிறதா என்று ஒரு சுற்று போய்ப் பாருங்கள்.

முதல் நீண்ட ஓட்டம் முடிந்து வந்ததும் போல்ட்டுகளை மறுபடி ரெஞ்ச்சில் பாருங்கள், புதிய கம்பி பள்ளத்தில் படிந்து கொஞ்சம் தளர்ந்திருக்கும். அளவு சரியாக அமைந்துவிட்டால் சீட் போஸ்ட்டிலும் கம்பியிலும் மெல்லிய டேப் ஒட்டிக் குறித்து, சாய்வு டிகிரியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கருவிப்பெட்டிக்குள் போட்டுவையுங்கள். அடுத்த முறை சைக்கிளைப் பெட்டியில் அடைத்து எங்காவது எடுத்துப் போகும்போது தேடுவீர்கள்.